மறைந்திருக்கும் எதிருரு: ஆபிரிக்க மக்களிடையே வெளிறல் நிலையும் தலைமுறையுரிமை நோய்களும்

"இயல்பான நிறமுடைய பெற்றோருக்கு வெளிறல் நிலையுடைய பிள்ளை பிறக்க முடியுமா? விளக்குக." தலைமுறையுரிமை பற்றிய அலகைக் கற்ற மாணவர் எவரும் இத்தகைய வினாவைச் சந்தித்திருப்பர். சதுரம் ஒன்றை வரைந்து, நான்கு கூடுகளையும் நிரப்பி, 1/4 என விடையெழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வதே வழக்கம்.

ஆனால் ஆபிரிக்காவின் பல ஊர்களில் இவ்வினா ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானிக்கும் வினாவாக இருந்து வந்துள்ளது. கருநிறமான தாய்க்கும் தந்தைக்கும் வெளிறிய தோலுடன் குழந்தை பிறந்தபோது, அது தன் பிள்ளையன்று எனத் தந்தை மறுத்ததுண்டு. தாய் பழிசுமத்தப்பட்டு வீட்டை விட்டு விலக்கப்பட்டதுண்டு. குழந்தை சாபத்தின் விளைவெனக் கருதப்பட்டதுமுண்டு. இவ்வினாவுக்கு ஆபிரிக்க மக்களிடையே மேற்கொள்ளப்பட்ட பிறப்புரிமையியல் ஆய்வுகள் தந்த விடையை இங்கு நோக்குவோம். வாசிக்கும்போது கலைச்சொற்களையும் கணிப்புகளையும் கூடவே மீட்டிக் கொள்க.

1. வெளிறல் நிலை என்றால் என்ன?

எமது தோல், மயிர், கண்ணின் கதிராளி ஆகியவற்றுக்கு நிறத்தைக் கொடுக்கும் நிறப்பொருள் மெலனின் ஆகும். இது தோலிலுள்ள விசேட கலங்களில் உற்பத்தியாகின்றது. கருநிறத்தவரிடமும் வெண்ணிறத்தவரிடமும் இக்கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவினதே. அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன.

தைரோசின் என்னும் அமினோவமிலம் மெலனினாக மாறுவது பல படிகளில் நிகழ்கின்றது. முதற்படியை ஊக்குவிக்கும் நொதியம் தைரோசினேசு எனப்படும். இம்மாற்றத்துக்கு வேண்டிய பரம்பரையலகுகளுள் ஒன்று விகாரமடைந்து தொழிற்படாதுவிடின் மெலனின் மிகக் குறைவாக உண்டாகும், அல்லது அறவே உண்டாகாது. இந்நிலையே வெளிறல் நிலை ஆகும். அல்பினிசம் என்பதும் இதனையே.

வெளிறல் நிலையின் விளைவுகள் நிறத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அவற்றை இரண்டாக வகுக்கலாம்.

(அ) தோல்: சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்களை உறிஞ்சித் தோற்கலங்களைக் காப்பது மெலனின் ஆகும். அது இல்லாதவிடத்துத் தோல் எளிதில் வெந்து புண்ணாகும். மத்திய கோட்டை அண்டிய நாடுகளில் பாதுகாப்பின்றி வெயிலில் வேலை செய்யும் வெளிறல் நிலையுடையோர் பலர் மிக இளம் வயதிலேயே தோற்புற்றுநோய்க்கு ஆளாகின்றனர்.

(ஆ) கண்: கண்ணின் விழித்திரை முறையாக விருத்தியடைவதற்கும் மெலனின் வேண்டும். அது குறையும்போது பார்வைக் கூர்மை குன்றும், ஒளி கூசும், கண்மணிகள் தம்மையறியாமல் அசைந்து கொண்டிருக்கும். மூக்குக் கண்ணாடியால் இக்குறை முழுமையாகத் திருந்தாது. கரும்பலகையை வாசிக்க இயலாத இம்மாணவர்கள் "படிப்பில் மந்தம்" எனத் தவறாக எண்ணப்படுகின்றனர். வகுப்பின் முன்வரிசையில் ஓரிடமும் பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடநூலும் கிடைத்தால் அவர்கள் ஏனையோரைப் போன்றே கற்பர். வெளிறல் நிலை அறிவாற்றலைப் பாதிப்பதில்லை.

2. எவ்வாறு கடத்தப்படுகின்றது?

தோல், மயிர், கண் ஆகிய மூன்றையும் பாதிக்கும் வெளிறல் நிலை தன்மூர்த்தப் பின்னிடைவான இயல்பாகும். அதாவது அதற்குரிய பரம்பரையலகு இலிங்க நிறமூர்த்தங்கள் அல்லாத ஏனைய 22 சோடி நிறமூர்த்தங்களுள் ஒன்றில் அமைந்துள்ளது. ஆகவே ஆண், பெண் இருபாலாரும் சமமாகப் பாதிக்கப்படுவர்.

நிறத்தை உண்டாக்கும் ஆட்சியான எதிருருவை "நி" எனவும், வெளிறல் நிலைக்குரிய பின்னிடைவான எதிருருவை "வெ" எனவும் குறிப்போம்.

நி–நி : ஓரினநுகம். இயல்பான நிறம்.
நி–வெ : இதரநுகம். இயல்பான நிறம், ஆயினும் காவி.
வெ–வெ : ஓரினநுகம். வெளிறல் நிலை.

காவிகளான இருவர் மணஞ்செய்யும்போது நிகழ்வது வருமாறு:

தாய் நி–வெ × தந்தை நி–வெ
தாயின் புணரிகள்: நி, வெ
தந்தையின் புணரிகள்: நி, வெ
பிள்ளைகளின் பிறப்புரிமையமைப்பு: நி–நி, நி–வெ, நி–வெ, வெ–வெ

எனவே வெளிறல் நிலையுடைய பிள்ளை பிறப்பதற்கான நிகழ்தகவு 1/4. இயல்பான நிறமுள்ள பிள்ளை பிறப்பதற்கான நிகழ்தகவு 3/4.

இங்கு கவனிக்க வேண்டியது வெ–வெ என்னும் கூடாகும். அதிலுள்ள ஒரு "வெ" தாயிடமிருந்தும் மற்றைய "வெ" தந்தையிடமிருந்தும் வந்தவை. தந்தை தன் பங்கைக் கொடுக்காமல் அக்கூடு நிரம்பாது. ஆகவே வெளிறல் நிலையுடைய குழந்தை பிறந்தமை தாயின் ஒழுக்கத்துக்கு எதிரான சான்று அன்று. தாயும் தந்தையும் சம அளவில் வழங்கிய எதிருருக்களின் சேர்க்கையே அது.

மாணவர்கள் விடும் பொதுவான தவறு ஒன்றையும் இங்கு சுட்டவேண்டும். 1/4 என்பதால் "நான்கு பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் வெளிறல் நிலையுடன் பிறப்பார்" என எழுதுதல் பிழை. ஒவ்வொரு பிறப்பும் தனித்தனி நிகழ்ச்சியாகும். முதற் பிள்ளை வெளிறல் நிலையுடன் பிறந்திருப்பினும் இரண்டாம் பிள்ளைக்குரிய நிகழ்தகவு மீண்டும் 1/4 ஆகவே இருக்கும்.

3. ஊரில் எத்தனை பேர் காவிகள்?

உலகை மொத்தமாக நோக்கின் ஏறத்தாழ 17,000 தொடக்கம் 20,000 பேருக்கு ஒருவர் வெளிறல் நிலையுடன் பிறக்கின்றார் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் இது பன்மடங்கு அதிகம். தென்னாபிரிக்காவின் கருநிற மக்களிடையே குறோம்பேர்க், ஜென்கின்ஸ் ஆகியோர் செய்து 1982 இல் வெளியிட்ட ஆய்வு, 3,900 பேருக்கு ஒருவர் எனக் காட்டியது. தன்சானியாவின் தாருஸ்ஸலாம் பகுதிக்கு 1980களில் வெளியான கணிப்பு ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர் என்பதாகும்.

இவ்வெண்ணிலிருந்து காவிகளின் தொகையைக் கணிக்கலாம். அக்கணிப்பைப் படிப்படியாக நோக்குவோம்.

படி 1: சமுதாயத்தில் எழுந்தமானமாக எடுக்கப்பட்ட ஒரு புணரி "வெ" எதிருருவைக் கொண்டிருக்கும் நிகழ்தகவை "க" என்போம்.

படி 2: வெ–வெ பிள்ளை தோன்ற, முட்டை, விந்து ஆகிய இரண்டும் "வெ" கொண்டிருக்க வேண்டும். ஆகவே க × க = 1/3900.

படி 3: 3,900 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 62. ஆகவே க = 1/62.

படி 4: "நி" கொண்ட புணரிக்குரிய நிகழ்தகவு 61/62. காவி இருவிதமாகத் தோன்றலாம்: தாயிடமிருந்து "வெ", தந்தையிடமிருந்து "நி", அல்லது மறுதலையாக. ஆகவே காவிகளின் பங்கு 2 × 1/62 × 61/62, அதாவது ஏறத்தாழ 1/32.

விடையைச் சற்று நிதானித்து நோக்குக. 3,900 பேரில் வெளிறல் நிலையுடையவர் ஒருவரே. ஆனால் அதே 3,900 பேரில் "வெ" எதிருருவை மறைவாகக் கொண்டிருப்போர் ஏறத்தாழ 120 பேர். இதே முறையில் தன்சானியாவுக்குரிய எண்ணைப் பிரதியிட்டால் ஏறத்தாழ 19 பேருக்கு ஒருவர் காவி எனப் பெறப்படும். ஒரு வகுப்பறையில் இருவர் என்றே கொள்ளலாம். ஆகவே வெளிறல் நிலை "அந்தக் குடும்பத்துக்கு" மட்டும் உரியது அன்று. பழித்துப் பேசுபவரே தம்மையறியாமல் அதே எதிருருவைச் சுமந்து கொண்டிருக்கலாம்.

4. காரணமான பரம்பரையலகைத் தேடல்

தைரோசினேசு நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகு 11 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. எனவே வெளிறல் நிலையுடையோர் யாவரிடமும் அப்பரம்பரையலகே பழுதடைந்திருக்கும் என எண்ணத் தோன்றும். எளிய பரிசோதனை ஒன்று வேறு விடையைத் தந்தது. 1960களில் விட்கொப் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பிடுங்கிய மயிரின் வேர்க்குமிழைத் தைரோசின் கரைசலில் இட்டு அவதானித்தார். சிலரது குமிழ்கள் வெளிறியே இருந்தன. வேறு சிலரது குமிழ்கள் கருமையடைந்தன. கருமையடைந்தவற்றில் நொதியம் இருந்திருக்க வேண்டும். நொதியம் இருந்தும் உடலில் மெலனின் உண்டாகாததற்கு வேறொரு பரம்பரையலகே காரணமாதல் வேண்டும்.

ஆபிரிக்க மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இந்த இரண்டாவது வகையே. ஜொஹனஸ்பேர்க் நகரில் மிஷேல் ராம்சே, ட்ரெவர் ஜென்கின்ஸ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் தென் ஆபிரிக்கப் பிரதேசக் குடும்பங்கள் பலவற்றின் டீ.என்.ஏ. மாதிரிகளை ஆராய்ந்தனர். வெளிறல் நிலையுடன் எப்போதும் சேர்ந்தே கடத்தப்படும் நிறமூர்த்தப் பகுதி எது எனத் தேடினர். அது 15 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென 1992 இல் வெளியிட்டனர். எலிகளில் இளஞ்சிவப்புக் கண்களையும் மங்கிய உரோமத்தையும் தோற்றுவிக்கும் பரம்பரையலகுக்கு ஒப்பானதே மனிதரில் இங்கு அமைந்துள்ளது என்பது 1993 இல் உறுதியாயிற்று.

இப்பரம்பரையலகு ஆக்கும் புரதத்தின் தொழில் என்ன? மெலனின் உண்டாகும் நுண்ணிய பைகளின் உட்புற அமிலத்தன்மையைச் சீராக்குவதில் அது பங்கு கொள்கின்றது. நொதியங்கள் தமக்கேற்ற பீ.எச். பெறுமானத்திலேயே நன்கு தொழிற்படும் எனக் கற்றுள்ளீர்கள். அப்புரதம் இல்லாதபோது பையினுள் அமிலத்தன்மை மிகும். தைரோசினேசு இருந்தும் அதனால் நன்கு தொழிற்பட முடிவதில்லை.

5. ஒரே நீக்கம், ஒரே மூதாதை

அடுத்து, அப்பரம்பரையலகில் நிகழ்ந்த மாற்றம் யாது எனத் தேடப்பட்டது. ஆபிரிக்க வழிவந்தோரிடம் அதிலிருந்து ஏறத்தாழ 2,700 மூலச் சோடிகள் நீளமான ஒரு துண்டு நீங்கியிருப்பது 1994 இல் அறிவிக்கப்பட்டது. 1995 இல் ஜொஹனஸ்பேர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, தென் ஆபிரிக்கப் பிரதேசத்தில் இவ்வகை வெளிறல் நிலைக்குக் காரணமான நிறமூர்த்தங்களில் ஏறத்தாழ 78 சதவீதமானவை இந்த ஒரே நீக்கத்தைக் கொண்டிருந்தன. தன்சானியாவில் ஆராயப்பட்டோரிடமும் இதே நீக்கமே பெரும்பான்மையாகக் காணப்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது? ஒரு நூலின் பல பிரதிகளில் ஒரே பக்கத்தில் ஒரே வரியில் ஒரே அச்சுப்பிழை இருப்பின், அவை யாவும் ஒரே மூலப்பிரதியிலிருந்து எடுக்கப்பட்டவை என்போம். அவ்வாறே ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் நீக்கம், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் இடைவெளியில் வாழ்வோரிடம் காணப்படின், அது ஒரு பொது மூதாதையிடமிருந்து வந்ததாதல் வேண்டும். பந்து மொழிகளைப் பேசும் மக்களின் முன்னோர் மேற்கு மத்திய ஆபிரிக்காவிலிருந்து கிழக்கும் தெற்கும் நோக்கிப் பரவத் தொடங்குவதற்கு முன்னரே, அதாவது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, இவ்விகாரம் தோன்றிவிட்டது என ஆய்வாளர் கருதுகின்றனர்.

வெளிறல் நிலையுடையோரை "வேற்றினத்தவர்", "ஆவிகள்" என்றெல்லாம் ஒதுக்கிய கதைகளுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. அவர்களது கலங்களிலுள்ள அந்த நீக்கமே அவர்கள் தம் அயலவரோடு பொதுவான ஆபிரிக்க மூதாதையரைக் கொண்டவர்கள் என்பதற்குச் சான்றாகின்றது.

இவ்வறிவு நடைமுறையிலும் பயன்படுகின்றது. ஒரே நீக்கம் பெரும்பான்மையாக இருப்பதால், குடும்பத்தில் யார் காவி என்பதைப் பெரும்பாலும் ஒரே பரிசோதனையால் அறிந்து ஆலோசனை வழங்கலாம்.

6. வெளிறல் நிலையுடைய இருவரின் பிள்ளைகள்

வெ–வெ × வெ–வெ எனின் பிள்ளைகள் யாவரும் வெ–வெ ஆவர். இது சதுரம் தரும் விடை. ஆனால் 1952 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கண் வைத்தியர் ட்ரெவர்-ரோப்பர், வெளிறல் நிலையுடைய தம்பதியருக்கு இயல்பான நிறத்துடன் பிள்ளைகள் பிறந்ததை அறிவித்தார். இதன் காரணத்தை மேலே நான்காம் பகுதியில் கூறியதைக் கொண்டு நீங்களே ஊகிக்கலாம். ஒருவரிடம் பழுதடைந்தது ஒரு பரம்பரையலகு. மற்றவரிடம் பழுதடைந்தது வேறொன்று. பிள்ளை ஒவ்வொரு பரம்பரையலகிலும் குறைந்தது ஒரு நல்ல எதிருருவைப் பெறுகின்றது.

மூன்றாவது பரம்பரையலகு ஒன்றும் ஆபிரிக்காவில் முக்கியமானது. தென் ஆபிரிக்கப் பிரதேசத்தில் செந்நிறத் தோலும் செம்மயிரும் கொண்ட ஒருவகை வெளிறல் நிலை உண்டு. 9 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகின் விகாரமே அதற்குக் காரணம் என 1997 இல் அறியப்பட்டது. ஆகவே வெளிறல் நிலை என்பது ஒரே தோற்றவமைப்புக்குப் பல பிறப்புரிமையமைப்புகள் காரணமாகலாம் என்பதற்குச் சிறந்த உதாரணமாகும்.

7. தீய எதிருரு ஏன் அழிந்துபோவதில்லை?

பின்னிடைவான எதிருரு காவிகளிடம் மறைந்திருப்பதால் தலைமுறை தலைமுறையாகத் தப்பி வருகின்றது. சில சந்தர்ப்பங்களில் அது காவிக்கு நன்மையும் செய்வதுண்டு. இதனை விளக்க ஆபிரிக்காவில் மிகப் பரவலாகவுள்ள மற்றொரு தலைமுறையுரிமை நோயாகிய அரிவாட் கலக் குருதிச்சோகையை எடுத்துக் கொள்வோம்.

இந்நோயில் ஒட்சிசன் குறையும்போது செங்குழியங்கள் அரிவாள் வடிவில் வளைகின்றன. அவை நுண்ணிய குருதிக்கலன்களை அடைப்பதால் கடும் வலி ஏற்படும். செங்குழியங்கள் விரைவில் அழிவதால் குருதிச்சோகை உண்டாகும். 1949 இல் போலிங்கும் அவரது சகாக்களும் நோயாளரின் ஈமோகுளோபின் மூலக்கூறே வேறுபட்டது எனக் காட்டினர். 1957 இல் இங்ரம் அவ்வேறுபாட்டை ஒரே அமினோவமிலத்துக்குச் சுருக்கினார். புரதச் சங்கிலி ஒன்றின் 6 ஆம் இடத்தில் குளுற்றமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் அமைந்திருந்தது.

கென்யாவில் வளர்ந்தவரான அன்ரனி அலிசன், கிழக்கு ஆபிரிக்காவில் குருதி மாதிரிகளைச் சேகரித்தபோது விசித்திரமான பரம்பலொன்றைக் கண்டார். கரையோரத்திலும் விக்டோரியா ஏரியை அண்டியும் வாழ்ந்த சில இனக்குழுக்களில் காவிகள் 20 சதவீதத்துக்கும் அதிகமாக இருந்தனர். உயர்ந்த மலைநாட்டில் 1 சதவீதமும் இல்லை. நுளம்புகளும் மலேரியாவும் மிக்க இடங்களிலேயே காவிகளும் மிகுந்திருந்தனர். காவிகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு உண்டு என அவர் 1954 இல் வெளியிட்டார்.

இயல்பான எதிருருவை "இ" எனவும் அரிவாட் கல எதிருருவை "அ" எனவும் கொண்டால்:

இ–இ : குருதிச்சோகை இல்லை, ஆனால் மலேரியாவால் இறக்கும் ஆபத்து அதிகம்.
இ–அ : பொதுவாக நோயில்லை, கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு.
அ–அ : அரிவாட் கலக் குருதிச்சோகை.

இதரநுகத்தவரே கூடுதலாகத் தப்பிப் பிழைத்தமையால் "அ" எதிருரு சமுதாயத்தில் நிலைத்தது. இயற்கைத் தேர்வுக்குப் பரீட்சையில் எழுதக்கூடிய மிகச் சிறந்த மனித உதாரணம் இதுவாகும். இன்று காணப்படும் அரிவாட் கல எதிருருக்கள் யாவும் ஏறத்தாழ 7,300 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஒரே விகாரத்தின் வழிவந்தவை என 2018 இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது.

இந்நோயும் பழிச்சொல்லுக்கு ஆளானதே. ஒரு தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகள் அடுத்தடுத்து இறக்கும்போது, ஒரே பிள்ளை தாயை வருத்துவதற்காக இறந்து இறந்து மீண்டும் பிறக்கின்றது என்னும் நம்பிக்கை நைஜீரியாவின் இக்போ, யொரூபா மக்களிடையே நிலவியது. அவ்வாறு கருதப்பட்ட பிள்ளைகளுட் பலர் அரிவாட் கலக் குருதிச்சோகை உடையவர்களாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இந்நோய்க்கான மருத்துவம் இன்று பெரிதும் முன்னேறியுள்ளது. பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சை ஒன்றுக்கு 2023 நவெம்பரில் பிரித்தானியாவும் டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவும் அனுமதி வழங்கின. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 20 இலட்சம் டொலருக்கும் மேற்பட்டது. நோயுடன் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் பிறப்பதோ ஆபிரிக்காவில். அங்கு பிறந்தவுடன் செய்யும் குருதிப் பரிசோதனையும், தொற்றைத் தடுக்கும் பெனிசிலினும், ஐதரொட்சியூரியா மருந்துமே பல உயிர்களைக் காக்கக்கூடியவை.

8. ஆய்வு ஏன் ஆபிரிக்காவில் நடைபெற வேண்டும்?

மனித இனம் தோன்றிய கண்டம் ஆபிரிக்கா. ஆகவே பிறப்புரிமை வேறுபாடுகள் மிகுதியாக உள்ளதும் அங்கேதான். எனினும் நீண்டகாலம் உலகின் பிறப்புரிமையியல் ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரிடமே நடத்தப்பட்டன. இக்குறையை நீக்க 2010 இல் மனிதத் தலைமுறையுரிமையும் ஆபிரிக்க மக்களின் சுகாதாரமும் பற்றிய பெருந்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பயனாக 2020 இல் வெளியான ஆய்வில், 50 இன, மொழிக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரின் டீ.என்.ஏ. முழுமையாக வாசிக்கப்பட்டது. அதுவரை அறியப்படாத 30 இலட்சத்துக்கும் அதிகமான வேறுபாடுகள் அதில் வெளிப்பட்டன.

9. அறிவு உயிர் காக்கும்

2000களின் பிற்பகுதியில் தன்சானியாவிலும் புரூண்டியிலும், பின்னர் மலாவியிலும், வெளிறல் நிலையுடையோரின் உடலுறுப்புகள் அதிர்ஷ்டம் தரும் என்னும் மூடநம்பிக்கையால் பலர் கொல்லப்பட்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். பாதுகாப்புத் தேடிப் பல பிள்ளைகள் தம் பெற்றோரைப் பிரிந்து விடுதிப் பாடசாலைகளில் வாழ நேர்ந்தது.

இதற்கெதிரான முயற்சிகளும் வலுப்பெற்றன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசெம்பரில் எடுத்த தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 13 ஆம் திகதி சர்வதேச வெளிறல் நிலை விழிப்புணர்வு தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. வெளிறல் நிலையுடையவரான நைஜீரியப் பெண் சட்டத்தரணி இக்போன்வோசா ஈரோ, 2015 இல் இவ்விடயத்துக்கான ஐக்கிய நாடுகளின் முதலாவது சுயாதீன நிபுணராக நியமிக்கப்பட்டார். தன்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்திலுள்ள மோசி நகரில், வெளிறல் நிலையுடையோருக்கென்றே வெயிற் காப்புக் களிம்பு தயாரிக்கப்படலாயிற்று. அகன்ற விளிம்புள்ள தொப்பி, நீண்ட கையுள்ள சட்டை, களிம்பு, முன்வரிசை இருக்கை: வேண்டியவை இவ்வளவே.

மாணவர்களே, பரீட்சைத் தாளில் நீங்கள் வரையும் நான்கு கூடுகள் கொண்ட சதுரம் சிறியது. ஆனால் அதன் பொருளைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒரு தாதியோ, ஆசிரியரோ, அயலவரோ ஒரு குழந்தை பிறந்த அன்றே அவ்வீட்டில் இருப்பின், ஒரு தாய் பழியிலிருந்தும் ஒரு பிள்ளை ஆபத்திலிருந்தும் தப்பலாம்.

மீட்டற் குறிப்புகள்

• வெளிறல் நிலை தன்மூர்த்தப் பின்னிடைவான இயல்பு. அது தொற்றாது.
• இயல்பான நிறமுள்ள பெற்றோருக்கு இத்தகைய பிள்ளை பிறப்பின் இருவரும் காவிகள் ஆவர்.
• ஆபிரிக்காவில் மிகுதியான வகைக்குரிய பரம்பரையலகு 15 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது.
• அரிவாட் கல எதிருரு மலேரியாப் பிரதேசங்களில் நிலைத்தமை இயற்கைத் தேர்வுக்கு உதாரணம்.

பயிற்சி வினாக்கள்

(1) ஜொஹனஸ்பேர்க்கைச் சேர்ந்த இயல்பான நிறமுள்ள ஒரு பெண்ணின் சகோதரர் வெளிறல் நிலையுடையவர். பெற்றோர் இயல்பான நிறமுடையோர். அப்பெண் காவியாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?

(2) அப்பெண் உறவினரல்லாத, இயல்பான நிறமுள்ள ஒருவரை மணக்கின்றார். அவர்களது முதற் பிள்ளை வெளிறல் நிலையுடன் பிறப்பதற்கான நிகழ்தகவு யாது? காவிகளின் பங்கு 1/32 எனக் கொள்க.

(3) அப்பெண்ணின் சகோதரர் உறவினரல்லாத, இயல்பான நிறமுள்ள ஒரு பெண்ணை மணப்பின், அவர்களது பிள்ளை வெளிறல் நிலையுடன் பிறப்பதற்கான நிகழ்தகவு யாது?

விடைகள்

(1) பெண் இயல்பான நிறமுடையவராதலால் வெ–வெ கூட்டை நீக்குக. எஞ்சிய மூன்று கூடுகளில் இரண்டு நி–வெ. விடை 2/3. இவ்வினாவுக்கு 1/2 என எழுதுவது வழமையான பிழையாகும்.

(2) 2/3 × 1/32 × 1/4 = 1/192.

(3) சகோதரர் வெ–வெ ஆதலால் எப்போதும் "வெ" எதிருருவையே கடத்துவார். ஆகவே 1 × 1/32 × 1/2 = 1/64. இயல்பான நிறத்துடன் பிள்ளை பிறப்பதற்கான நிகழ்தகவு 63/64 என்பதையும் கவனிக்க. வெளிறல் நிலையுடையவரை மணந்தால் பிள்ளைகளும் அவ்வாறே பிறப்பர் என அஞ்சுவோர்க்கு இவ்வெண்ணே விடையாகும்.